ஏரித் தண்ணி

“ரேடியேட்டர்ல ஏரித் தண்ணியையா ஊத்துன? நீயெல்லாம் ஒரு டிரைவராய்யா?”

அர்ச்சனாவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

அவள் புருஷன் தீனா, வீட்டு வாசலில் நின்ற பிக்கப் வண்டியின் முன்னால், கழற்றிய வாட்டர் பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே தண்ணீரைத் தள்ளும் இறக்கையைத் துரு தின்றிருந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பு. அந்த ஊர் ஏரி, கடலோடு கலந்த உப்பு ஏரி.

நேற்று இறால் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குப் போய்த் திரும்பும்போது இஞ்சின் கொதித்து வண்டி நின்றுவிட்டது. இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். காலையில் பஸ் பிடித்துப் போய்ப் புது பம்ப் வாங்கி வந்தவன், மெக்கானிக்குக்குக் காத்திருக்காமல் தானே மாட்ட உட்கார்ந்துவிட்டான்.

பம்ப்பைக் கழற்றியதும் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள்தான் முதலில் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடா தீனா, உப்பு பூத்துக் கெடக்குது? எவன்டா ஏரித் தண்ணிய ஊத்துனது?”

மீன் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்த அர்ச்சனாவின் அப்பா சிங்காரம் மெல்ல எழுந்தார்.

“அது வந்து... நான் இன்னா நெனச்சேன்னா...”

“நான்தான் ஊத்துனேன்” என்றான் தீனா, சட்டென்று.

அதற்குத்தான் இந்தத் திட்டு.

சிங்காரம் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். படகை விற்றுவிட்டு, ஏரிக்கு நடுவில் தீவாக இருக்கும் பசியாவரத்திலிருந்து மகள் வீட்டோடு வந்தவர். உட்கார்ந்து சாப்பிடக் கூச்சம். போன மாதம் கஸ்தூரியம்மாள், “இன்னும் எத்தினி நாளைக்கு இங்க?” என்று விளையாட்டாகக் கேட்டதற்கே, துணிப்பையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டார். தீனாதான் பின்னாலேயே ஓடி, “வண்டியப் பாத்துக்க ஆள் இல்ல மாமா” என்று சொல்லி அழைத்து வந்தான்.

அன்றிலிருந்து வண்டியைக் கழுவுவதும், தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதும் அவர் வேலை. பை மட்டும் கட்டியது கட்டியபடி கதவோரம் ஆணியில் தொங்கியது.

அர்ச்சனா விடவில்லை.

“படகு இஞ்சினும் இதுவும் ஒண்ணா? படகு ஏரித் தண்ணிய ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் துப்பிடும். வண்டியில ஊத்துன தண்ணியே உள்ள சுத்திக்கினு கெடக்கும். உப்பு எங்க போவும்? இரும்பத்தான் தின்னும். இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக் குடுத்ததுதானே?”

“மறந்துட்டேன்.”

“சோறு துன்ன மறப்பியா?”

கஸ்தூரியம்மாளுக்கே பொறுக்கவில்லை. “அடியே, நடுத்தெருவுல புருஷன இப்டியா பேசுவாங்க? தெரியாம செஞ்சுட்டான், வுடு.”

“நீ சும்மா இரு பெரிம்மா. குழாத் தண்ணிதான் ஊத்தணும், அதுலயும் கூலண்ட் கலக்கணும். நல்லாக் கேட்டுக்கோய்யா!”

“கேட்டுக்கினேன் தாயே.”

“தங்கமான புள்ள. இவகிட்ட வந்து மாட்டிக்கினு...” என்று முனகிக்கொண்டே கஸ்தூரியம்மாள் உள்ளே போனாள்.

தீனா பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்தான். புதியதை வைத்துப் பம்ப்பைப் பொருத்தினான். போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கி, பெல்ட்டையும் மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது மீன் பெட்டி காலியாக இருந்தது.

“மாமா எங்க?”

“இங்கதானே இருந்தாரு” என்றாள் அர்ச்சனா.

தீனா கதவோரம் பார்த்தான். ஆணியில் பை இல்லை.

கையிலிருந்த ஸ்பானரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். தெரு முனைக்கு ஓடுவதற்குள், எதிரே சிங்காரமே வந்துகொண்டிருந்தார். தோளில் குடம். குடத்தின் வாயில் அந்தத் துணிப்பை இறுக்கிக் கட்டியிருந்தது.

“குழாத் தண்ணி, மாப்ள. தூசி போவக் கூடாது பாரு, வடிகட்டிப் புடிச்சேன்.”

“பையில இருந்த துணியெல்லாம் மாமா?”

“அலமாரில வெச்சுட்டேன். வடிகட்டப் பை வேணுமில்ல?”

குடத்தை இறக்கியதும் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து வாயில் விட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“நல்ல தண்ணிதான். ஊத்து.”

முதல் குடத்தில் ரேடியேட்டரை அலசினார்கள். அடுத்த குடத்துக்குச் சிங்காரமே போய்வந்தார். கூலண்ட் கலந்து ஊற்றி, தீனா சாவியைத் திருப்பினான். இஞ்சின் சீராக ஓடியது. சிங்காரம் மண்ணில் முழங்காலிட்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

“ஒரு சொட்டு ஒழுவல மாப்ள!”

சத்தமாகச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே கைகால் கழுவப் பின்பக்கம் போனார்.

தீனா அர்ச்சனாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. தண்ணி ஊத்துனது நான் இல்ல.”

“தெரியும்.”

“இன்னாது?”

“நேத்து வண்டிய இழுத்துக்கினு வந்து வுட்டதும், உள்ள தண்ணி இல்லியேன்னு எங்க நைனா ஏரியில மொண்டாந்து ஊத்துனாரு. பாத்தேன். இத்தினி நாளும் இதைத்தான் செஞ்சுக்கினு இருந்தாருன்னு அப்பத்தான் புரிஞ்சுது. எப்டி எடுத்துச் சொல்றதுன்னே தெரியல. நல்ல வேளை, நீ ‘நான்தான்’னு சொன்ன.”

“அதுக்குன்னு என்னையா அந்தத் திட்டு திட்டுன?”

அர்ச்சனா புடவைத் தலைப்பால் அவன் கன்னத்து கிரீஸைத் துடைத்தாள்.

“அவரத் திட்டுனா படகு ஏறிடுவாரு. நீ எங்கய்யா போவப் போற?”