வெர்னன் வெட்டின குழி

உங்கள் வீட்டுக்காரர், உலகம் முடியப் போகிறது என்று சொல்லிக் கொல்லைப்புறத்தில் குழி வெட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

லொரீன் முதலில் சிரித்தாள். அப்புறம் சண்டை போட்டாள். கடைசியில் தம்பியைப் பொக்லைன் எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டாள்.

சும்மா குழியா அது? சிமெண்ட் பூசி, படி வைத்து, மேலே இரும்புக் கதவு போட்டு, உள்ளே பீன்ஸ் டப்பாவும் தண்ணீரும் அடுக்கிய பதுங்குகுழி. ஓக்லஹோமாவில் சூறாவளிக்குப் பயந்து குழி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் மறுபடி உலகத்தை ஆரம்பிக்கக் கோதுமை விதையும், டாக்டர் இல்லாத காலத்துக்குப் பல் பிடுங்குகிற குறடும் சேர்த்து வைத்திருந்தது அவள் புருஷன் வெர்னன் ஒருத்தன்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். சனிக்கிழமைக் கூத்துதான் தாங்க முடியவில்லை.

சூறாவளி வந்தால் ஊதுகிற சங்கு வேலை செய்கிறதா என்று, சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஊரில் ஊதிப் பார்ப்பார்கள். நாய்கூடத் தலையைத் தூக்காது. வெர்னன் மட்டும் இரண்டு பெண் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிடுவான். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்.

போன வாரம் சின்னவள் கேட்டாள். "அம்மா, உலகம் முடிஞ்சப்புறமும் எனக்குப் பொறந்தநாள் வருமா?"

அன்றைக்கே லொரீன் சொல்லிவிட்டாள். "குழி வேணுமா, நாங்க வேணுமான்னு முடிவு பண்ணிக்குங்க. அது இருந்தா, நான் பிள்ளைங்களோட டல்சாவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுறேன்."

வெர்னன் கொல்லைப்புறம் போய்க் குழியை ஒரு தடவை சுற்றி வந்தான். அப்புறம், "மூடச் சொல்லிடு," என்றான்.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை, எதிர்வீட்டில் பெண்டாட்டி ட்ரூடியோடு குடியிருக்கும் தம்பி கர்ட், பொக்லைனோடு வந்து நின்றான். சர்ச் விருந்தில் அத்தானைப் பற்றி ஒரு கதையாவது சொல்லாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"என்ன அத்தான், எலிவளையை மூடிடலாமா? உள்ள இருக்கிற சாமானை எடுத்துக்குங்க. உலகம் முடியறப்போ பீன்ஸுக்கு அலையக் கூடாது பாருங்க."

வெர்னன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தென்மேற்கே மேகம் கறுத்து, அதன் அடிப்பக்கம் பச்சை பூத்திருந்தது.

"அப்பா, உலகம் முடியறது கேன்சலா?" என்றாள் சின்னவள்.

"ஆமாடா கண்ணு. உங்கம்மா கேன்சல் பண்ணிட்டா."

லொரீனுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. "மழை வர்ற மாதிரி இருக்கு. சீக்கிரம் முடிடா," என்றாள் தம்பியிடம்.

பொக்லைன் முதல் வாளி மண்ணை அள்ளித் தூக்கியது. அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது.

கர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "டாண்ணு பன்னெண்டு. ஓடுங்க அத்தான், ஓடுங்க. இன்னிக்கு விட்டா இனிமே ஓட இடம் கிடையாது."

லொரீனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கர்ட்," என்றான் வெர்னன் நிதானமாக, "வானம் இப்படி இருட்டிக் கிடந்தா சோதனைச் சங்கு ஊத மாட்டாங்க. ஜனங்க நிஜம்னு நெனச்சுக் குழம்பிடுவாங்கன்னு நிறுத்தி வெச்சுடுவாங்க."

அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி அது. சிரிக்கிற அவசரத்தில் மறந்துபோயிருந்தார்கள்.

சங்கு நிற்கவில்லை.

லொரீன் திரும்பிப் பார்த்தபோது, பொக்லைன் ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளை இழுத்துக்கொண்டு குழிக்கு ஓடினாள். உள்ளே பீன்ஸ் டப்பாக்களுக்கு நடுவே, நல்ல மூலையாகப் பார்த்துக் கர்ட் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

பெண்களை இறக்கிவிட்டுப் பார்த்தால் வெர்னனைக் காணோம். காற்று இரும்புக் கதவைப் பிடுங்கியது. அவள் படியில் நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கதவைச் சாத்து," என்றான் கர்ட்.

"இவரைக் காணோம்டா."

"இத்தனை மாசமா பயந்து செத்தவரு, இன்னுமா வெளியில நிப்பாரு? இந்நேரம் எந்தக் கட்டிலுக்கு அடியில இருக்காரோ. நீ சாத்துக்கா."

"கொஞ்சம் பொறு."

"நம்ம உயிரு முக்கியமில்லையா? அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்க வேண்டியதுதான்."

லொரீன் சாத்தவில்லை. மரக்கிளை ஒன்று முறிந்து வேலியில் விழுந்தது. அதைத் தாண்டிக்கொண்டு வெர்னன் வந்தான், காற்றைத் தலையால் முட்டிக்கொண்டு. அவன் கையைப் பிடித்தபடி இரவுச் சட்டையோடு ஒருத்தி ஓடி வந்தாள்.

"இன்னும் யாரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே? சாத்தேன்," என்றது மூலையிலிருந்து குரல்.

"ராத்திரி டியூட்டி முடிச்சுட்டுக் காதுல பஞ்சை வெச்சுக்கிட்டுத் தூங்கின உன் பொண்டாட்டியை, அவர்தான் எழுப்பிக் கூட்டிட்டு வர்றாரு," என்றாள் லொரீன். "எனக்குக் கை வலிக்குது கர்ட். கொஞ்சம் மேல வந்து இந்தக் கதவைப் பிடிச்சுக்கயேன்."