காலில் விழாத பத்தி

ஒரு வலைப்பக்கத்தின் உச்சியில் ஒரு தலைப்பு இருந்தது. தடித்த எழுத்து, அதைவிடத் தடித்த கர்வம். தனக்குக் கீழே முப்பது பிக்சல் இடம் விட்டுத்தான் நிற்கும்.

அடுத்திருந்த பத்தியும் தன் தலைக்கு மேல் இருபது பிக்சல் விட்டிருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் சந்தித்தால் இரண்டும் சேர்ந்து ஐம்பது ஆகிவிடாது. பெரியது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதில் தலைப்புக்கு ஏக மிதப்பு.

"நடுவுல இருக்கிறது அத்தனையும் என் இடம். நான் மட்டும் இதை எடுத்தேன்னா, நீ என் கால்லதான் வந்து விழணும்!"

"எடுத்துத்தான் பாருங்களேன், அண்ணே" என்றது பத்தி.

தலைப்புக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முப்பதையும் ஒரே மூச்சில் பூஜ்யமாக்கிவிட்டு, காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

பத்தி மேலே ஏறியது. பத்தே பிக்சல்தான். அங்கேயே நிமிர்ந்து நின்றுவிட்டது.

தலைப்பு குனிந்து பார்த்தது. இருவருக்கும் நடுவே இருபது பிக்சல் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"இது எங்கேயிருந்து வந்துச்சு?"

"உங்க முப்பதுக்குள்ளேயேதான் இருந்துச்சு" என்றது பத்தி. "காலை மடக்கிக்குங்க, அண்ணே."