இரண்டு விரல்கள்

கேள்விகளை நர்ஸ் பெனிட்டா தெய்வநாயகியிடம்தான் கேட்டாள். பதில் சொன்னதெல்லாம் மகன்.

“தனியா குளிப்பீங்களாம்மா?”

“ஆள் வேணும்,” என்றான் மகன்.

“துணி துவைப்பீங்களா?”

“எழுபத்தாறு வயசுல எங்க? முதியோர் ஹோம்ல சேக்க இது போதும்ல, சிஸ்டர்?”

பெனிட்டா படிவத்தில் எழுதிக்கொண்டாள். பால்கனிக் கொடியில், காலையில் தெய்வநாயகி துவைத்துப் பிழிந்த போர்வை ஒரு சொட்டு நீர் வடியாமல் தொங்கியது.

கடைசியாக, பேனாவை வைத்துவிட்டு வலது கையின் இரண்டு விரல்களை நீட்டினாள் பெனிட்டா.

“பிடிச்சு நல்லா அழுத்துங்கம்மா. கையில வலு இருக்கான்னு பாக்கணும்.”

தெய்வநாயகி பிடித்தாள். பெனிட்டாவின் விரல் நுனிகள் சிவந்தன, பிறகு வெளுத்தன.

“போதும்மா, விடுங்க.”

விடவில்லை. மகன் ஓடிவந்து அம்மாவின் பிடியைப் பிரிக்கப் பார்த்தான். ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

“எழுதினதையெல்லாம் அடிச்சுடு. அப்புறம் என்னைக் கேளு,” என்றாள் தெய்வநாயகி.

“எழுதற கை உங்ககிட்டதானேம்மா இருக்கு!”

தெய்வநாயகி பேனாவை எடுத்து நீட்டினாள்.

“இடது கை சும்மாத்தானே இருக்கு. அதால அடி.”