"ம்" சொல்லும் வரை

கஸ்பாருக்கு எழுத்து வந்ததே ஐம்பத்தெட்டு வயதில்தான். மலேசியாவின் செமோர் தோட்டத்தில் இருவரும் ரப்பர் பால் வெட்டிய காலத்தில், மனைவி குழந்தையம்மாள் தன் மர நிரையை முடித்துவிட்டு அவருக்காகக் காத்திருப்பாள். டிவி முன்னாலும் அப்படித்தான். படத்துக்குக் கீழே வரும் தமிழ் வரியை அவர் எழுத்துக்கூட்டிப் படித்து "ம்" என்று சொல்லும்வரை, ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்திவைப்பாள்.

கடைசியாகப் பார்த்த படத்தில், காலம் தாண்டிப் போய்த் தன் சாவைப் பார்த்துவிட்டு வந்த எந்திர மனிதன், அதைத் தோழியிடம் சொல்வானா? அந்த இடத்தில்தான் குழந்தையம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "மீதிய வந்து பாப்போம்லா," என்று போனவள் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மகள் ட்ரேசி கைப்பேசியிலிருந்து மீதியை டிவியில் போட்டுவிட்டாள். ரிமோட் அம்மாவின் மாலை போட்ட போட்டோவுக்கு அருகே, பேட்டரி இல்லாமல் கிடந்தது.

முதல் வரி வந்தது. படம் நின்றது. கஸ்பார் படித்தார். பழக்கத்தில் "ம்" என்றார். படம் நகர்ந்தது. அடுத்த வரிக்கும் அப்படியே.

"லைன் சரியில்லையாப்பா? நின்னு நின்னு போவுது," என்றாள் ட்ரேசி அடுப்படியிலிருந்து.

"நல்லாத்தாம்மா போவுது. நீ வேலையப் பாரு."

கடைசி வரி வந்தது. எந்திர மனிதன் தோழியிடம் சொன்னான்: "போகும் நாள் தெரியும். அதுவரை உன் பக்கத்தில் இருக்கிறேன்."

கஸ்பார் அதை நாலு தடவை படித்தார். படம் நின்றபடியே காத்திருந்தது. பக்கத்தில் வைத்த தேநீர் ஆடை கட்டிவிட்டது.

"இன்னும் முடியலையாப்பா?"

"இன்னும் படிச்சு முடிக்கலம்மா," என்றார்.