பாதி கறுத்த விளக்கு

இரண்டு ஏரிகளுக்கு நடுவே, ஒற்றையடிக் கரைமேல்தான் ஒரு சைக்கிள் தினமும் வேலைக்குப் போய் வந்தது. பொழுது சாய்ந்தால் போதும், அதற்கு மட்கார்டு வரைக்கும் வெடவெடக்கும்.

பயம் தாங்காமல் விளக்குக் கடைக்குப் போனது. மேல்பாதியில் கறுப்புப் பெயிண்ட் அடித்த விளக்கு ஒன்று கூப்பிட்டது.

"என்னை மாட்டிக்கோ தம்பி. பாதை தெரியும், எதிரே வர்றவங்களுக்கும் கண்ணு கூசாது."

"எதிரே வர்றவன் கண்ணு எப்படிப் போனா எனக்கென்ன? பேயே வந்தாலும் மிரண்டு ஓடணும்" என்று சொல்லி, கடையில் இருந்ததிலேயே பெரிய விளக்கை மாட்டிக்கொண்டது சைக்கிள்.

அன்று திரும்பி வரும்போது, நடுக்கரையில் எதிரே சூரியன் மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. அதற்குப் பின்னால் இருந்ததும் ஒரு சைக்கிள்தான்.

"அண்ணே, விளக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்க. கரையே தெரியல."

"எனக்கும்தான் தெரியல. நீங்க முதல்ல தாழ்த்துங்க."

"பயமா இருக்குண்ணே."

"எனக்கு மட்டும் என்னவாம்?"

இரண்டும் தாழ்த்தவில்லை. ஒதுங்கிப் போய்விடலாம் என்று ஆளுக்கொரு பக்கம் ஹேண்டில்பாரை ஒடித்தன. முன்சக்கரத்துக்குக் கீழே மண் இல்லை.

தண்ணீருக்குள் போன பிறகும் விளக்குகள் இரண்டும் நன்றாகவே எரிந்தன. மீன்களுக்குத்தான் கண் கூசியது.