அமைதியான ஏரியா

வீடு பார்க்க வந்தவரிடம் யாராவது இப்படிச் செய்வார்களா? பெரியவர் ஹாலில் கிடந்த பழைய பீரோவை மூச்சைப் பிடித்து நகர்த்தினார். பின்னால் சுவரில் பூத்திருந்த ஈரத்தை விரலால் சுரண்டிக் காட்டினார். காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

“மழைக்காலத்துல இது இன்னும் பெரிசாகும் டாக்டர். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.”

கண் டாக்டர் மூக்கைச் சுளித்தார். பழைய குடியிருப்பு, அகலமான தெரு, இரண்டு பக்கமும் மர நிழல். இங்கே வாங்கிப் போட்டால் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று நண்பர்கள் சொல்லி வந்திருந்தார்.

“குடிவரப் போறீங்களா?” என்று கேட்டார் பெரியவர்.

“சேச்சே. வாங்கிப் பூட்டிப் போடறதுதான். வாடகைக்கு விட்டா ஆணி அடிப்பாங்க, சுவரைக் கிறுக்குவாங்க. ஆள் இல்லைன்னா வீடு புதுசாவே இருக்கும்.”

பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. “கொல்லைப்பக்கம் பாம்பு வரும்” என்றார்.

“பாம்பா?”

“பக்கத்து வீட்டுல ஒரு கிழம் வேற இருக்கு. பேச ஆரம்பிச்சா பாம்பே தேவலைன்னு ஆயிடும்.”

டாக்டரின் கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரியவர் பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளினார். பூட்டிப் போடுகிறவன் கைக்கு இந்த வீடு போகக் கூடாது. அதில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார்.

இருட்டுகிற நேரத்தில் டிரம்ஸ் வாத்தியாரும் அவர் மனைவியும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். “சாவி பெரியவர்கிட்ட இருக்கு, பார்த்துட்டு வாங்க. விலை விஷயம் என்கிட்ட பேசுங்க” என்று தரகர் சொல்லி அனுப்பியிருந்தார்.

“குடிவரத்தானே?” என்பதுதான் பெரியவரின் முதல் கேள்வி.

“பின்னே? வேற எதுக்குங்க வீடு?” என்றாள் மனைவி.

அவ்வளவுதான், பெரியவருக்கு எங்கிருந்துதான் அத்தனை சுறுசுறுப்பு வந்ததோ. “பீரோவுக்குப் பின்னால கொஞ்சம் ஈரம் இருக்கும்மா. ஒரு நாள் பூச்சு வேலை, சரியாயிடும்” என்றார். பாம்பைப் பற்றி மூச்சே விடவில்லை.

சமையலறையில் விளக்கைப் போடுவதற்குச் சுவர் முழுக்கத் தடவினார். கடைசியில் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சுவிட்சை அவள்தான் கண்டுபிடித்தாள். “வயசாச்சு பாரு” என்று சிரித்து மழுப்பினார்.

“அக்கம்பக்கம் எப்படிங்க?” என்றார் வாத்தியார்.

“எதிர் வீடு பூட்டு. இடது பக்கம் பூட்டு. எல்லாம் வாங்கிப் போட்டவங்க. காலையில குப்பை வண்டி வந்துட்டுப் போனா, அப்புறம் நாய் குரைச்சாத்தான் சத்தம். அந்த நாயும் போன வருஷம் செத்துப் போச்சு.”

“வலது பக்கம்?”

“அங்க ஒருத்தர் இருக்கார். தனி ஆள். வீட்டுக்காரம்மா போய்ச் சேர்ந்தாச்சு. பிள்ளைங்க தூர தேசத்துல.”

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். இருவர் முகமும் வாடிவிட்டது.

“சாயங்காலமானா பிள்ளைங்க வந்து மாடியில டமடமன்னு அடிப்பாங்க ஐயா. அக்கம்பக்கத்துல சண்டை வந்தே எத்தனையோ வாடகை வீடு மாத்திட்டோம். இப்ப கையில இருக்கிறதையெல்லாம் போட்டு வாங்கறோம். இங்கேயும் ஒருத்தர் வேண்டாம்னா நாங்க எங்க போறது?” என்றாள் அவள்.

“எத்தனை பிள்ளைங்க வருவாங்க?” பெரியவர் ஓர் அடி கிட்டே வந்தார்.

“பத்துப் பதினஞ்சு வரும். கூட்டிட்டு வர்ற அம்மாங்க வேற, வாசல்ல நின்னு ஊர்க்கதை பேசிட்டே இருப்பாங்க.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

இவர்களை விட்டுவிட்டால் இப்படி யாரும் இனி வரப்போவதில்லை. “அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்ம்மா. நான் பொறுப்பு” என்றார் பெரியவர்.

“நீங்க பாட்டுக்கு வித்துட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு அவர் முகத்துல முழிக்கப் போறது நாங்கதானே? அவர் வாயாலேயே கேட்டுட்டா எனக்கு நிம்மதி.”

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கேட்டைத் தாண்டி வலது பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விட்டாள். வாத்தியார் பின்னாலேயே நடந்தார்.

அவள் அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே கணீரென்று ஒலித்து அடங்கியது. யாரும் வரவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடியும் அழுத்தினாள். ஒரு விளக்குகூட எரியவில்லை.

“ஆள் இல்ல போலிருக்கு. வா, இதுவும் நமக்குக் கொடுத்து வைக்கல” என்று வாத்தியார் திரும்பினார்.

பெரியவர் படியருகே தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

“என்ன ஐயா?” என்று பதறினாள் அவள்.

“இன்னும் ஒரு தடவை அழுத்தும்மா. என் வீட்டு மணிச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு.”