முதல் வரிசை விருந்தாளி

"அங்கை ஒரு சனமும் இல்லை. நீங்கள் மட்டும் ஏன் முன்னுக்கு ஓடுறியள்?" நீலவேணி கணவரின் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"அதுக்குத்தான் ஓடுறன். முன்வரிசை வெறுமையாக் கிடந்தா பாடுற மனிசிக்கு எப்பிடி இருக்கும்?" என்றார் கோபாலன். லண்டன் வெம்பிளியில் யார் கலியாணம் என்றாலும், மாப்பிள்ளை வருமுன்பே முன்வரிசையில் குந்திவிடுகிற மனிதர் அவர்.

வெஸ்ட் ஈலிங்கில் அடுத்த வீட்டில் இருக்கும் சீனப் பெண் லின்தான் அழைத்திருந்தாள். "அம்மா இன்றோடு மேடையை விடப்போகிறார், அங்கிள். எங்கள் ஆட்கள் எல்லாரும் வீட்டில் டிவிடி போட்டுப் பார்க்கிறார்கள். இசை நாடகத்துக்கு இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்கிறார். பாட்டை விட்டால் அம்மா படுத்துவிடுவார்."

மண்டபத்தின் கடைசியில் ஏழெட்டுச் சீனக் கிழவர்கள் இருந்தார்கள். முன்வரிசை காலி. ஆனால் அதன் முன்னால் மேசை போட்டு, ஆவி பறக்கும் சோறு, தேநீர், தோடம்பழம் எல்லாம் வைத்திருந்தார்கள்.

"பாரப்பா, பிரதம விருந்தினருக்கு என்ன மரியாதை!" கோபாலன் நடு நாற்காலியில் சாய்ந்தார். நீலவேணி வெட்கப்பட்டு நாலு வரிசை தள்ளி அமர்ந்தார்.

பின்னால் ஒரே முணுமுணுப்பு. கையை ஆட்டியபடி ஓடிவந்த லின், அதற்குள் திரை விலகிவிட, பாதி வழியில் நின்றுவிட்டாள்.

இளவரசி வேடத்தில் அவளுடைய தாய் வந்தார். வயது எண்பது, தலையிலிருந்த கிரீடம் எப்படியும் ஒரு சின்னக் கார் பாரம் இருக்கும். தாளம் விழுந்த வேகத்தில் தேம்ஸ் நதியே கரையேறி எட்டிப் பார்த்திருக்கும். கோபாலனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்றாலும் தோடம்பழத்தை உரித்துத் தின்றபடி, கழுத்து சுளுக்கும்வரை தலையாட்டினார்.

கிழவியின் பார்வை அவர்மேல் விழுந்தது. அப்படியே நின்றது. குரல் ஒருமுறை தழுதழுத்தது. பிறகு இருபது வயதுக் குமரியின் குரலாக எழுந்தது. முடிந்த பாட்டையே மறுபடியும் தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, மனிசி உங்களைப் பாத்துத்தான் பாடுது!" பொறுக்கமாட்டாமல் நீலவேணி எழுந்துவந்து காதைக் கடித்தார்.

"ரசிகன் எண்டா அப்பிடித்தான். போய் இரும்!"

திரை விழுந்ததும் லின் வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் கலங்கியிருந்தன.

"அம்மா விடப்போவதில்லையாம், அங்கிள்! அடுத்த வருடமும் பாடுவாராம். நீங்களும் வரவேண்டும். இதே வழுக்கை, இதே கோட், இதே நாற்காலி. ஆனால் தயவுசெய்து இப்போது வெளியே போய்விடுங்கள்."

"ஏன் பிள்ளை, அவவுக்கு ஒரு வணக்கம் சொல்ல வேண்டாமோ?"

லின் திரையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இது எங்களுக்கு ஆவிகள் வரும் மாதம். முன்வரிசை இறந்துபோனவர்களுக்கு, அங்கிள். அம்மாவுக்குக் கண் மங்கல்... அப்பா வந்திருந்து பாட்டுக் கேட்டார் என்று உள்ளே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்."